படியாள் கடனிலிருந்து தீர்மானப் புத்தகம் வரை

கடலூருக்கு அருகே கெடிலக் கரையில் அமைந்த திருவந்திபுரத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய திவ்விய தேசமாகவும், வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த தலமாகவும் இலக்கிய அன்பர்கள் அறிவர். சுற்று வட்டார மக்களுக்கோ அது கல்யாண ஊர். முகூர்த்த நாட்களில் தேவநாத சுவாமி கோயிலை அடுத்த ஔஷதகிரியில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ஒரே நாளில் நடைபெறுவதுண்டு. வேண்டுதல் நிறைவேற்ற வருவோர் உளர். மண்டபச் செலவுக்கு அஞ்சி வருவோரும் உளர். அந்த அச்சம் நேற்று வந்ததன்று. ஏழைக் குடும்பங்களின் கடனுக்கும், அதிலிருந்து அவர்களை மீட்க எழுந்த கூட்டு முயற்சிகளுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான சில கட்டங்களை இக்கட்டுரையில் காண்போம்.

திருவந்திபுரம் கோயிலில் மூன்றாம் இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்ததையும், போசள நரசிம்மனின் படைத்தலைவர்கள் வந்து மீட்டதையும் விரிவாகக் கூறும் கல்வெட்டு அது. மன்னனின் சிறையைப் பேசும் கற்கள் குடிகளின் சிறையைப் பேசுவது அரிது. ஆயினும் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், கி.பி. 1201-இல் எழுந்த திருப்பாம்புரக் கல்வெட்டு அதையும் பேசிவிடுகிறது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்ச காலத்தில், வெள்ளாளர் ஒருவரும் அவருடைய இரு பெண்மக்களும் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டனர் என்கிறது அது.

அக்காலத்தில் கடன் கொடுக்கும் அமைப்புகள் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் பணம் ஊர்ச் சபைகளுக்கு ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு வட்டியில் கொடுக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இன்றைய வங்கி வட்டியோடு ஒப்பிடத்தக்க விகிதம்தான். ஆனால் கடன் பெற்றவை நிலமும் வருவாயும் உடைய சபைகள். தனிக் குடும்பத்திடம் பிணையாக வைக்க இருந்தது தன் உடலுழைப்பு மட்டுமே.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆராய்ந்து 1918-இல் ஒரு நூலை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று இருவேல்பட்டு. அன்றைய தென்னார்க்காட்டில் அடங்கிய அவ்வூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கே படியாட்கள் எவ்வாறு உருவாயினர் என்பதை அந்நூல் விளக்குகிறது. பெரும்பாலும் ஒரு திருமணத்திற்காக வாங்கிய கடன், அது அடைபடுவதில்லை, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். கடன்பட்டவன் தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்துக்காரரிடமே உழைக்க வேண்டும். திருப்பாம்புரத்தில் பஞ்சம் செய்ததைத் தென்னார்க்காட்டில் ஒரு தாலி செய்தது.

இதற்கு மருந்து தேடியவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் நிக்கல்சன். வேளாண் வங்கிகளை இங்கே அமைக்க இயலுமா என்று ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியின் சிற்றூர்களில் இரைபைசன் தொடங்கிய கடன் சங்கங்களே அவருக்கு முன்மாதிரி. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் சொத்தில்லாதவரின் நாணயமும் பிணையாகும் என்பது அதன் அடிப்படை. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும், திருவல்லிக்கேணியில் பண்டக சாலையும் தோன்றின.

நோக்கம் உயர்ந்தது, பயனோ பெரும்பாலும் நிலமுள்ளவரோடு நின்றது. 1951-52ஆம் ஆண்டுக்கான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில் ஒரு கணக்கு உண்டு. உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. வட்டிக்கு விடுவோரின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. அரை நூற்றாண்டுக் கூட்டுறவு இயக்கத்தின் பின்னர் உழவர்களின் நிலையே இதுவென்றால், நிலமற்ற கூலிக் குடும்பங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது உரத்திற்கோ உழவு மாட்டிற்கோ அன்று. பிரசவத்திற்கு, காய்ச்சலுக்கு, கல்யாணத்திற்கு. அத்தகைய செலவை முறையான கடன் அமைப்புகள் வீண்செலவாகவே எண்ணின.

அடுத்த திருப்பம் பெண்களிடமிருந்து வந்தது. 1983-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. 1991-92-இல் சேலமும் தென்னார்க்காடும் அத்திட்டத்தில் சேர்ந்தன. படியாள் கடன் பதிவான அதே தென்னார்க்காடுதான் இது என்பது நோக்கத்தக்கது. 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியை நபார்டு வங்கி மேற்கொண்டது. 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் இப்பணி விரிந்தது.

குழுவின் நடைமுறை மிக எளியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள்; வாரந்தோறும் கூட்டம்; இயன்ற சிறு சேமிப்பு. சேர்ந்த தொகையிலிருந்து உறுப்பினருக்கே கடன். யாருக்கு, எதற்கு, என்ன வட்டி என்பதைக் குழுவே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் இடும். நூற்றுக்கு இரண்டு என்று மாத வட்டி வைத்தாலும் அந்த வட்டி குழுவின் பொது நிதியிலேயே சேரும். சில மாதங்கள் ஒழுங்காக நடந்தபின் வங்கி கடன் தரும். எதற்குச் செலவிட்டாய் என்று ஒவ்வொரு பெண்ணையும் வங்கி துருவுவதில்லை. மகளின் கல்யாணத்தையும் மருத்துவச் செலவையும் நியாயமான தேவையாக ஏற்றுக்கொண்டதே இம்முறையின் பெரும் மாற்றம் என்று கருதுகிறோம்.

குழுக்களால் மட்டுமே படியாள் முறை ஒழிந்தது என்று கூறுவது மிகையாகும். வேளாண்மைக்கு வெளியே கிடைத்த வேலைகளுக்கும், அரசின் நலத்திட்டங்களுக்கும், உழைப்போரின் போராட்டங்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

மேலும், குழு என்ற வடிவம் தன்னளவில் காவல் ஆகிவிடாது. நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகவே அமர்த்துகின்றன. அங்கே பணமும் விதிகளும் நிறுவனத்துடையவை. ஒருத்தியின் தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் நிற்க நேர்கிறது. 2010-இல் ஆந்திரத்தில் இவ்வகைக் கடன் வசூலின் கொடுமை தாளாமல் அவசரச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது. தமிழகத்தில் 2003-இல் கந்துவட்டிக்கு எதிரான சட்டமும், 2025-இல் கடன் நிறுவனங்களின் வன்முறை வசூலைத் தடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. இருபதாண்டு இடைவெளியில் இரண்டாவது சட்டம் தேவைப்பட்டதே நோயின் ஆழத்தைக் காட்டும்.

இரண்டு குழுக்களிலும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது உண்டு. வேறுபாடு, கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதில்தான். சேமிப்பு தம்முடையதாய், வட்டி தம் நிதிக்கே திரும்புவதாய் இருக்குமிடத்தில், கடன்பட்டவளின் முடையை அறிந்து தவணையைத் தள்ளிவைக்கக் குழுவால் இயலும். அவ்வுரிமை இல்லாத இடத்தில் அண்டை வீட்டாரின் அன்பே வசூல் கருவியாகிறது. சுய உதவிக் குழுக்களுள்ளும் ஓரிருவர் மட்டுமே பேரேட்டைக் கையாண்டு, மற்றவர்கள் கையொப்பம் மட்டும் இடுமிடத்தில் இதே தீங்கு நுழைந்துவிடும்.

ஆகவே எழுத்தறிந்த நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. நம் தெருவில், நம் வீட்டில் பணிபுரியும் பெண்கள் எந்தக் குழுவில் இருக்கிறார்கள், தங்கள் கணக்கைத் தாங்களே படித்துப் பார்க்க அவர்களால் இயல்கிறதா என்று கேட்கலாம். இயலாதெனில் உடன் அமர்ந்து படித்துக் காட்டலாம். தன் கடன் எவ்வளவு என்பதையே அறியாதிருந்த படியாளின் பேத்திக்கு, தன் பெயருக்கு நேரே எழுதப்பட்ட எண்ணைப் படிக்கத் தெரிவது சிறிய செய்தியன்று.