தொடருக்காக எழுதியவர்கள், தங்களுக்காக எழுதியவர்கள்: ஸ்டார் ட்ரெக் ரசிகர்களும் அமெரிக்கப் பத்திரிகைகளும் (1966–1992)

1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியபோது பத்திரிகைகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. திரைத்தொழில் ஏடான 'வெரைட்டி' இது தேறாது என்றே எழுதியது. அந்தக் கணிப்பு பொய்த்துப்போன கதை எல்லோரும் அறிந்ததுதான். பத்திரிகையில் வந்ததைப் படித்த ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தொடருக்காக வாதாடக் கிளம்பியவர்கள் இருபது ஆண்டுகளுக்குள் தங்களுக்காகவே வாதாட வேண்டியவர்களானார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதல் மோதல் ஒரு விஞ்ஞானியோடு நேர்ந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1966 நவம்பர் 26 தேதியிட்ட 'டிவி கைடு' இதழில், அப்போது ஒளிபரப்பான விண்வெளித் தொடர்களின் அறிவியல் பிழைகளைப் பட்டியலிட்டார். ஸ்டார் ட்ரெக்கும் அதில் மாட்டிக்கொண்டது. நமது விண்மீன் மண்டலத்துக்கு வெளியே அரை ஒளியாண்டு தொலைவில் ஏதோ இருப்பதாக ஒரு வசனம். அந்த மண்டலத்துக்கு வரப்புக் கட்டிய எல்லை கிடையாது. விண்மீன்கள் மெல்ல மெல்ல அருகிப் போகின்றன. அப்படியிருக்க எங்கிருந்து அந்த அரை ஒளியாண்டை அளப்பது என்பது அசிமோவின் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனாலும் ரசிகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் அவருக்கு வந்து சேர்ந்தன. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் மூன்றே நாளில், நவம்பர் 29 அன்று, வாராவாரம் படம் எடுப்பவர்களின் கஷ்டத்தை விளக்கிக் கடிதம் எழுதினார்.

அசிமோவ் கடிதங்களை ஒதுக்கித் தள்ளவில்லை. தொடரைத் தொடர்ந்து பார்த்தார். அது அவருக்குப் பிடித்துப்போனது. 1967 ஏப்ரல் 29 இதழில் அதே டிவி கைடில் தொடரின் ஸ்பாக் பாத்திரத்தைக் கொண்டாடி இன்னொரு கட்டுரை எழுதினார். பெண்களை ஈர்ப்பது அந்தப் பாத்திரத்தின் அறிவுக்கூர்மை என்று அவர் கண்டுகொண்டதற்குத் தம் சின்ன மகளின் பேச்சே தூண்டுதல். இந்த நிகழ்வை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சுவையான துணுக்காகவே சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதற்கு மேலான இடம் இதற்கு உண்டு. பெரிய பத்திரிகை ஒன்றில் வந்த கருத்தைக் கடிதம் எழுதி அசைக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அந்த நம்பிக்கை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு 1967 இறுதியில் கிளம்பியதும், பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதியர் கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் பத்துப் பேரை எழுதச் சொல்ல வேண்டும், அந்தப் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பேரை எழுதச் சொல்ல வேண்டும். ஒரே அச்சில் வார்த்த கடிதமாக இருக்கக் கூடாது. அவரவர் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். ராடன்பெரி திரைமறைவில் இதற்குத் துணைநின்றார். 1968 ஜனவரியில் கால்டெக் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி பர்பாங்க் நகரிலுள்ள என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். மார்ச் 1 அன்று, அன்றைய கதை முடிந்த கையோடு, தொடர் தொடரும் என்று நிலையமே அறிவித்தது. வந்த கடிதங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது என்பிசியின் கணக்கு. அந்த எண்ணிக்கை பின்னாளில் சர்ச்சைக்குள்ளானது. எண்ணிக்கை எதுவானாலும், இந்த முறை ரசிகர்களே செய்தியானார்கள். கடிதம் எழுதியவர்கள் எதிர்பாராத விளைவு அது. ஆனாலும் மூன்றாம் பருவம் வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டு, 1969 ஜூன் மாதம் 79 கதைகளோடு தொடர் நின்றது.

மறு ஒளிபரப்பில் ரசிகர் கூட்டம் பெருகியது. 1972 ஜனவரியில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் கூடிய முதல் பெரிய மாநாட்டுக்குச் சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள், வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அசிமோவும் விருந்தினராக வந்திருந்தார். பத்திரிகைகளுக்கு அங்கே கிடைத்தது கண்ணுக்கு விருந்து: ஸ்பாக்கைப் போலக் கூர்க்காது ஒட்டிக்கொண்டவர்கள், விண்கலச் சீருடை தைத்துப் போட்டுக்கொண்டவர்கள். அதன்பின் மாநாடு நடக்கும்போதெல்லாம் அந்தப் படமே திரும்பத் திரும்ப அச்சேறியது.

அந்தப் படத்துக்கு வெளியே நடந்த வேலையோ மிகப் பெரியது. 1967இலேயே தேவ்ரா லாங்சமும் ஷெர்னா கமர்ஃபோர்டும் 'ஸ்பாக்கனாலியா' என்ற சிற்றிதழைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாயின் கடிதம் முதல் இதழிலேயே வெளியானது. கதை எழுதி, ஸ்டென்சில் வெட்டி, தாள் அடுக்கி, தபாலில் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுபதுகளில் வாசகர் கடிதங்களையே உள்ளடக்கமாகக் கொண்ட மடல் இதழ்கள் முளைத்தன. பத்திரிகை ஆசிரியரின் தயவை நம்பி ஒரு பத்தி மறுப்பு அனுப்பியவர்களுக்கு, பக்கம் பக்கமாக விவாதிக்கச் சொந்த இடம் கிடைத்தது. ஆனால் அதைப் படித்தவர்களும் ரசிகர்களே. மறுப்பு கூர்மையானது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பொது வாசகரை எட்ட 1975இல் மூன்று ரசிகைகள் சேர்ந்து எழுதிய 'ஸ்டார் ட்ரெக் லிவ்ஸ்!' நூல் ஒரு விதிவிலக்கு.

1986 டிசம்பரில் இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. தொடரின் இருபதாம் ஆண்டையொட்டி 'நியூஸ்வீக்' டிசம்பர் 22 தேதியிட்ட இதழில் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. ரசிகர்கள் அதில் பழைய கதைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துத் துணுக்குத் தகவல் சேகரிக்கும் விசித்திர மனிதர்களாகத் தென்பட்டார்கள். அதே வாரம், 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் நாடகத் துணுக்கில், கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரே மாநாட்டு ரசிகர்களைப் பார்த்துப் போய் உருப்படியாக வாழுங்கள் என்று கடிந்துகொண்டார். ரசிகர்களில் கோபப்பட்டவர்கள் உண்டு. சிரித்துவிட்டு, அது நாங்கள் இல்லை, வேறு யாரோ என்று ஒதுங்கிக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டாம் வகை எதிர்வினைதான் அதிகம் வலிக்கிறது. பத்திரிகை வரைந்த உருவத்தை மறுக்காமல், அதைப் பக்கத்து ஆளின் தலையில் கட்டிவிடுவதில் அது முடிகிறது. ராடன்பெரியின் அறிவியலுக்காக அசிமோவோடு மல்லுக்கு நின்ற தலைமுறைக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. அன்று விமர்சிக்கப்பட்டது தொடர். இப்போது விமர்சிக்கப்பட்டவர்கள் அவர்களே.

தன்னையும் ரசிகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ், 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை அந்த நியூஸ்வீக் சித்திரத்திலிருந்தே தொடங்கினார். 1992இல் வந்த அவரது 'டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்' நூல் ஷாட்னரின் நாடகத் துணுக்கிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டு கமீல் பேக்கன்-ஸ்மித்தின் 'என்டர்ப்ரைசிங் விமன்' இந்தச் சிற்றிதழ்ப் பெண்களோடு பல ஆண்டுகள் பழகிய களப்பணியின் பலனாக வெளிவந்தது. ஜென்கின்ஸ் தம் கைப்பிரதியை அச்சுக்கு முன்பே ரசிகர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். தங்களைப் பற்றிய எழுத்தை, அது வெளிவந்த பிறகு மறுத்தே பழகியிருந்தவர்கள், அதை முன்கூட்டியே படித்துத் திருத்தம் சொன்னார்கள். அந்தத் திருத்தங்களுக்கு நூலில் இடமும் கிடைத்தது.