அச்சுக்கு மேலே ஏறிய பட்டை

அப்பாவின் பட்டறை போடிநாயக்கனூரில் இருந்தது. போடிமெட்டு ஏறி இறங்கும் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் பழுதானால் அங்கேதான் வந்து படுக்கும்.

1941-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் செய்யத் தொடங்கிய ஜீப்பின் டயர் 6.00-16, ஸ்பிரிங் பட்டைக்கட்டு அச்சுக்குக் கீழே. மகிந்திரா இங்கே கட்டிய ஜீப்புகள் அந்த வழியில் வந்தவைதான். மழைக்காலத்தில் தோட்டப்பாதையின் சக்கரத்தடம் ஆழமாகி, டிஃபரன்ஷியல் தரையைத் தட்டும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே: விட்டம் 4 அங்குலம் கூடினால் 2 அங்குலம் கிடைக்கும். வண்டியைத் தூக்குவதெல்லாம் அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமலிருக்கத்தான். இதை அப்பா ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்வார்.

வண்டியைத் தூக்க, கூடுதலாக ஒரு பட்டை செருகலாம். பாரம் தாங்கும், காலி வண்டியில் இடுப்பு நோகும். பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் ஒன்றுதான் உயரும், ஸ்டீயரிங்கும் அலையும். பட்டையை அச்சுக்கு மேலே மாற்றினால் ஒரேயடியாக நாலைந்து அங்குலம்! எனக்கு அதில்தான் ஆசை. ஆனால் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். அப்படி நான் மாற்றிய முதல் வண்டி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தானாக ஒரு பக்கம் திரும்பியது. அப்பா திட்டவில்லை. அன்றிரவே விளக்கைப் பிடிக்கச் சொல்லி, யூ-போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.