சோதனைக் கூடத்தில் பிறந்த கணினி

ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் உத்தி எதற்காக வந்தது என்று கேட்டால் சிக்கனத்துக்காக என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். விலையுயர்ந்த சர்வர் பாதி நேரம் சும்மா கிடக்கிறது, அதைப் பத்தாகப் பிரித்துக்கொண்டால் காசு மிச்சம் என்பார்கள். இன்றைய டேட்டா சென்டர்களுக்கு இது பொருந்தும். ஆனால் மெய்நிகர் கணினியின் பிறப்பை இது விளக்கவில்லை. இயங்குதளம் எழுதுகிறவர்கள் உடைத்தும் ஒட்டியும் பார்ப்பதற்கான சோதனைக் கூடமாகவே அது வளர்ந்தது. சிக்கனம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வரிசை தெரிந்தால், அதில் இன்று வரும் கோளாறுகள் பலவற்றின் காரணமும் புரியும்.

1964இல் ஐபிஎம் நிறுவனம் எம்ஐடிக்குப் பக்கத்தில், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், ஓர் அறிவியல் மையத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் எம்ஐடி தனது மல்டிக்ஸ் இயங்குதளத் திட்டத்துக்கு ஐபிஎம்மை ஒதுக்கிவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்தது. அந்த அடிக்குப் பதிலாக ஐபிஎம் தலைமை பெரும் ஆள்பலத்தை இறக்கி டிஎஸ்எஸ்/360 என்ற இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டிருக்க, கேம்பிரிட்ஜ் மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான சிறு குழு வேறு வழியில் போனது. சிஸ்டம்/360 மாடல் 40 கணினி ஒன்றில், நினைவக முகவரிகளை மாற்றித் தரும் கூடுதல் வன்பொருளைப் பொருத்தி சிபி-40ஐ எழுதியது. 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த அந்த மென்பொருள் 14 மெய்நிகர் கணினிகளைக் காட்டியது. உள்ளே இருக்கும் நிரலுக்கு ஒவ்வொன்றும் முழுமையான சிஸ்டம்/360தான். அவற்றில் ஓட்டுவதற்கென்றே ஒருவர் மட்டும் பயன்படுத்தும் எளிய இயங்குதளமாக சிஎம்எஸ் உருவானது.

அன்றைய கணினிகள் கொள்ளை விலை. பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே இதுவும் சிக்கனம்தானே என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். அடுத்து வந்த சிபி-67ஐ வைத்து நேஷனல் சிஎஸ்எஸ் போன்ற நிறுவனங்கள் கணினி நேரத்தை வாடகைக்கே விட்டன. ஆனால் பகிர்வது மட்டுமே நோக்கம் என்றால் முழுக் கணினியைப் பாவனை செய்யத் தேவையில்லை. எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் அப்படியொரு பாவனை இல்லாமலேயே 1961இல் நேரப் பகிர்வைச் செய்து காட்டியிருந்தது. அட்டை படிக்கும் கருவி முதல் குறுக்கீடுகள் வரை ஒவ்வொன்றையும் போலியாகச் செய்து தரும் உழைப்பு, உள்ளே இன்னொரு இயங்குதளத்தை ஓட்ட நினைப்பவருக்கே பயன்படும். நடந்ததும் அதுதான். மெய்நிகர் நினைவகத்தோடு கூடிய சிஸ்டம்/370 கைக்கு வருமுன்பே, சிபி-67ஐத் திருத்தி, இல்லாத அந்தக் கணினியைப் பழைய கணினியில் காட்டவைத்து, அதற்கான மென்பொருளை எழுதிப் பார்த்தார்கள். சிபி-67இன் வாரிசான விஎம்/370 அறிவிக்கப்பட்டது 1972 ஆகஸ்டில்.

தனிநபர் கணினிகளின் கதையும் இதே வரிசையில்தான் நடந்தது. 1974இல் கணினி அறிஞர்கள் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் ஒரு செயலி மெய்நிகர் கணினிக்கு ஏற்றதா என்று சொல்லும் விதியை வகுத்தார்கள்: கணினியின் நிலையைத் தொடும் ஆணை எதுவாக இருந்தாலும், அதைச் சாதாரண நிரல் இட்டால் செயலி அங்கேயே நின்று மேற்பார்வை மென்பொருளை அழைக்க வேண்டும். இன்டெலின் எக்ஸ்86 செயலிகள் இதில் தேறவில்லை. பாப்எஃப் என்ற ஆணை, அதிகாரம் இல்லாத நிரல் குறுக்கீடுகளை நிறுத்தச் சொன்னால், மறுப்புச் சொல்லாமல் அந்தப் பகுதியை மட்டும் விழுங்கிவிடும். பென்டியம் செயலியில் இத்தகைய ஆணைகள் 17 இருப்பதாக 2000இல் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், மெய்நிகர் கணினிக்குள் ஓடும் கெஸ்ட் இயங்குதளத்தின் ஆணைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இந்தத் தடையைத் தாண்டியது. அதன் முதல் விற்பனைப் பொருள், 1999இல் வந்த வொர்க்ஸ்டேஷன், மேசைக் கணினிக்கானது. விண்டோஸும் லினக்ஸும் அருகருகே தேவைப்பட்ட நிரலாளர்களுக்கு அது வரப்பிரசாதம். சர்வருக்கான பொருள்கள் 2001இல்தான் வந்தன.

வேகம் போதாமல்தானே செயலியிலேயே மெய்நிகர் கணினிக்கான வசதியைச் சேர்த்தார்கள் என்றும் கேட்கலாம். இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் அதைச் செய்தன. ஆனால் அந்த முதல் தலைமுறை வன்பொருள் பல வேலைகளில் மென்பொருள் முறையைவிட மெதுவாக இருப்பதை விஎம்வேர் பொறியாளர்களே 2006இல் அளந்து காட்டினார்கள். (தங்கள் சரக்குக்குச் சாதகமான அளவீடுதான் என்றாலும் முறையான அளவீடு.) உடனடி லாபம் வேகத்தில் அல்ல, எளிமையில் கிடைத்தது. 2007இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் சிறிதாக இருக்க முடிந்ததற்கு அதுவே காரணம். வசதி தாமதமாக வந்ததன் தழும்பு இன்றும் தெரிகிறது. பயாஸில் அது அணைக்கப்பட்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் 64 பிட் இயங்குதளத்தை ஏற்க மறுக்கும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வி அந்த வசதியைப் பிடித்துக்கொண்டால் மற்ற மென்பொருள்கள் தவழும், அல்லது கிளம்பவே கிளம்பாது.

மற்றக் கோளாறுகளில் பெரும்பங்கு சோதனைக் கருவியைச் சிக்கனக் கருவியாக இழுத்ததால் வருபவை. செயலியைப் பல கெஸ்டுகள் பங்கிட்டால், தன் முறை வராத கெஸ்டின் கடிகாரத் துடிப்புகள் பிந்தி, நேரம் பிசகும். இருக்கும் நினைவகத்தைவிட அதிகமாக வாக்குக் கொடுத்தால், அவற்றைத் தாங்கும் ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே நினைவகப் பக்கத்தை மாறி மாறி வட்டுக்குத் தள்ளும். இந்த இரட்டைச் சுமையைப் பற்றி 1970களிலேயே எழுதிவிட்டார்கள். கெஸ்டின் ஒரு கணத்து நிலையைச் சேமிக்கும் ஸ்நாப்ஷாட் இந்த இழுப்புக்கு நல்ல சாட்சி. ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டு, உடனே நீக்கிவிடுவதற்காக அமைந்தது அது. அதையே காப்பு நகலாக எண்ணி மாதக்கணக்கில் விட்டுவைத்தால், அதன் பிறகான மாற்றங்களைச் சேர்க்கும் வேறுபாட்டுக் கோப்பு வீங்கி வட்டை நிரப்பி, கெஸ்டை நிறுத்திவிடும். ஆகவே ஒரு மெய்நிகர் கணினி தடுமாறினால், அதனுள்ளே தேடுமுன் ஹோஸ்டைப் பாருங்கள்: எத்தனை கெஸ்டுகள், எவ்வளவு நினைவகம் வாக்களிக்கப்பட்டிருக்கிறது, எந்த ஸ்நாப்ஷாட் மறந்துபோய்க் கிடக்கிறது.