பகைவனுக்கும் இடம் தந்த தியானம்

விசாக நாளில் பினாங்கில் உள்ள பௌத்த ஆலயங்களில் மெத்த சுத்தம் ஓதுவார்கள். "அது சீனர்களும் சயாமியர்களும் செய்யும் வழிபாடு, தமிழர்களாகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. தொடர்பு இருக்கிறது. அதுவும் சுமார் 1,500 ஆண்டு காலத் தொடர்பு.

மெத்தா என்பது பாலிச் சொல். வடமொழியில் மைத்திரி என்பார்கள். மித்திரன், அதாவது நண்பன் என்ற சொல்லோடு உறவுடையது. எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று மனத்தைப் பழக்குவதே மைத்திரி தியானம்.

காஞ்சியில் தங்கிய ஆசிரியர்

இந்தத் தியானத்தைப் படிப்படியாக விளக்கும் பெருநூல் விசுத்திமக்கம். 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்து மகாவிகாரையில் இதை எழுதியவர் புத்தகோசர். அவர் காஞ்சிபுரத்தில் சோதிபாலர் என்ற பிக்குவோடு தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் தாமே குறிப்பிடுகிறார். அந்த நூலுக்கு விரிவுரை கண்டவர் தமிழகத்துத் தருமபாலர் என்பது மரபு. அவர் நாகப்பட்டினத்துத் தருமாசோக விகாரையில் இருந்துகொண்டு நெத்திப்பகரணத்துக்கு உரை எழுதினார். பர்மா, சயாம், இலங்கை பிக்குகள் இன்றும் பயிலும் நூல்களில் நம் ஊர்க் காற்றும் கலந்திருக்கிறது.

கடினமான படி

விசுத்திமக்கம் சொல்லும் முறையைப் பாருங்கள். முதலில் தன்னையே நினைத்து, "நான் நலமாக இருப்பேனாக" என்று தொடங்க வேண்டும். தான் இன்பத்தை விரும்புவது போலவே பிறரும் விரும்புவர் என்பதை உணர்வதற்கே இது. பிறகு மதிப்புக்குரிய ஆசிரியர், நெருங்கிய நண்பர், வேண்டியவரும் அல்லாத வேண்டாதவரும் அல்லாத ஒருவர், கடைசியில் பகைவர்.

பகைவரை நினைத்தவுடன் கோபம் வரும் என்பது புத்தகோசருக்குத் தெரியும். அதனால் அடுக்கடுக்காக மருந்து சொல்கிறார். முந்தைய படிக்குத் திரும்பிப் போய் மீண்டும் வா. அவனிடமுள்ள ஒரு நல்ல குணத்தைத் தேடு. ஒன்றுமே இல்லையென்றால் அவன் மேல் இரக்கப்படு. எண்ணற்ற பிறவிகளில் அவன் உனக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருந்திருப்பான் என்று நினை. எதன் மேல் கோபப்படுகிறாய், அவன் தலைமயிர் மேலா, நகத்தின் மேலா என்று கேட்டுப் பார். இவை எதற்கும் கோபம் அடங்கவில்லையா? அவனுக்கு ஒரு பொருளைக் கொடு. அவன் கொடுப்பதையும் வாங்கிக்கொள் என்கிறார்.

பயிற்சி முற்றியதா என்று அறிய ஒரு சோதனையும் வைக்கிறார். தான், நண்பர், நடுநிலையானவர், பகைவர் என நால்வர் அமர்ந்திருக்கும்போது கொள்ளையர் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்கின்றனர். "பகைவனைப் பிடித்துக்கொள்" என்று நினைத்தால் தோல்வி. "என்னைப் பிடித்துக்கொள்" என்றாலும் தோல்விதான்! நால்வரில் கொடுக்கத்தக்கவர் எவருமில்லை என்று மனம் காணும்போதே எல்லைகள் உடைகின்றன.

கடாரமும் நாகையும்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ, இன்று செபராங் பிறை எனப்படும் இந்த மாநிலத்தின் நிலப்பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டார். புத்தகுப்தன் என்ற மாலுமி கடற்பயணம் வெற்றிபெற வேண்டி, தூபி உருவத்தோடு பொறித்த 5ஆம் நூற்றாண்டுக் கல் அது. புத்தகோசர் வாழ்ந்த நூற்றாண்டிலேயே பௌத்தம் நம் கரைக்கும் வந்துவிட்டது.

பின்னர் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பினார். 1006ஆம் ஆண்டளவில் சைவரான முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை வழங்கினார். ஆனால், 1025இல் அவர் மகன் இராசேந்திரனின் கடற்படை அதே கடாரத்தைத் தாக்கியது. 1090இல் முதலாம் குலோத்துங்கன் கடாரத் தூதர்களின் வேண்டுகோளை ஏற்று விகாரைக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தார். நண்பர் பகைவராகி, பகைவர் மறுபடியும் நண்பரானார். நட்பும் பகையும் நிலையல்ல என்பதை வரலாறே காட்டிவிட்டது.

சுங்கை பாக்காப், கீ லாய் ஹுவாட் என்ற சீனக் கரும்புத் தோட்ட முதலாளி 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய ஊர். இவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் சீனரும் ஒப்பந்தத் தொழிலாளராக வந்த தமிழரும் வியர்வை சிந்தினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அண்டை வீட்டாராக வாழும் ஊரில், வடிகாலுக்கும் வேலிக்கும் வந்த சண்டையில் பேச்சு நின்றுபோன வீடுகளும் உண்டு. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி நிலத்துக்காகப் பேசாமலிருப்பதும் உண்டு.

அவர்களுக்கும் புத்தகோசர் சொன்ன கடைசி மருந்து இருக்கிறது. அடுத்த தீபாவளிக்குப் பலகாரத் தட்டு முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும்.