தபால்தலை விலையில் ஒரு கட்டில்

ஒரு கட்டிலின் விலை என்ன?

கடைக்காரரைக் கேட்டால் ஒரு தொகை சொல்வார். அதில் மரம் எவ்வளவு, ஆசாரி கூலி எவ்வளவு, பாலீஷ் எவ்வளவு, கண்ணாடி போட்ட ஷோரூமுக்கு வாடகை எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நான் படித்தது வணிகவியல். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் அடக்கவிலை என்னவாக இருக்கும் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் கட்டில் வாங்கப் போகும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். 'தேக்குதானே?' என்போம். 'ஆமா சார்' என்பார். முடிந்தது வியாபாரம்.

இப்படித் தட்டிப் பார்த்து வாங்குகிற பழக்கத்தின் மீது ஒரு மனிதருக்குப் பொல்லாத கோபம் வந்தது. பெயர் என்ஸோ மாரி. இத்தாலிக்காரர்.

1932-ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். அப்பா நோயில் விழ, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு மிலான் நகரத்துப் பிரேரா கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1957-ல் ஒரே பலகையிலிருந்து பதினாறு மிருகங்களை அறுத்தெடுத்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி ஒரு மர பொம்மை செய்தார். யானை, ஒட்டகம், நீர்யானை என்று ஒரு காடே ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தப் பொம்மை அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது. நாற்காலி, பூச்சாடி, காலண்டர் என்று அதன்பிறகு அவர் வடிவமைத்த பொருட்களுக்குக் கணக்கே இல்லை. இத்தாலியில் வடிவமைப்புக்குக் கொடுக்கும் உயரிய விருது 'தங்கக் கவராயம்.' அதை ஐந்து முறை வாங்கினார்.

வெற்றிகரமான மனிதர்தான். ஆனால் உள்ளே ஒரு முள். கடைசிவரை தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர் அவர். தான் வடிவமைக்கும் பொருளைப் பணக்காரர்கள் மட்டுமே வாங்குகிறார்களே என்ற உறுத்தல். சரி, தரமாகவும் மலிவாகவும் ஒன்று செய்வோம் என்று 1971-ல் ட்ரியாதே என்ற நிறுவனத்துக்காக ஒரு சோபா-கட்டிலை வடிவமைத்தார். பகலில் சோபா, ராத்திரி கட்டில்.

ம்ஹூம். ஓடவில்லை. மலிவாக, நல்லதாக, எளிமையாக இருந்த பொருளை யாருக்காகச் செய்தாரோ அவர்களே சீண்டவில்லை.

ஏன்?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாரி ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பதில் கிடைத்தது. ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்றே தெரியாதவனுக்கு, எது நல்லது, எது பளபளப்பு மட்டும் என்று எப்படித் தெரியும்? சொல்லிப் புரியவைக்க முடியாது. பிரசங்கம் செய்தால் தூங்கிவிடுவான். ஒரே வழி, சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்துவிடுவதுதான்.

1974-ல் மிலானில், கலேரியா மிலானோ என்ற கலைக்கூடத்தில் மாரி ஒரு கண்காட்சி வைத்தார். இழைக்காத பைன் பலகைகள். ஆணி. அவ்வளவுதான். மேஜை, நாற்காலி, பெஞ்சு, அலமாரி, கட்டில் என்று மொத்தம் 19 வடிவங்கள். இந்தத் திட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'அவுட்டோப்ரோஜெத்தாட்ஸியோனே.' வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். 'தானே வடிவமைத்துக்கொள்வது' என்று அர்த்தம்.

அத்தனைக்கும் வரைபடம், எந்தப் பலகை எத்தனை நீளம் என்ற அளவு எல்லாம் இலவசம். தபால் செலவுக்கு மட்டும் ஸ்டாம்ப் அனுப்பினால் போதும், வீடு தேடி வரும். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தொழிற்சாலைக்காரர்களும் வியாபாரிகளும் மட்டும் தொடக் கூடாது. செய்து முடித்தவர்கள், முக்கியமாக வடிவத்தில் தாங்களாக ஏதாவது மாற்றம் செய்தவர்கள், அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் சந்தோஷப்படுவேன் என்றார். இதுதான் நிபந்தனை.

நேரமும் தோதான நேரம். முந்தைய ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் பெட்ரோல் குழாயை இறுக்கியிருந்தன. 1973 டிசம்பரிலிருந்து இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. ஜனங்கள் சைக்கிளிலும் நடந்தும் போய்க்கொண்டிருந்தார்கள். சிக்கனம் என்பது எல்லோர் வாயிலும் புழங்கிய சொல். ஜூலியோ கார்லோ ஆர்கான் என்ற கலை விமர்சகர் - இவர் 1976-ல் ரோம் நகர மேயரே ஆனார் - மாரியை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதினார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கட்டில் என்கிற சமாச்சாரத்தைப் பார்த்துவிடுவோம். நீளவாட்டில் இரண்டு சட்டம். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. நாலு கால். குறுக்கே வரிசையாகப் பலகை. பார்த்தால் குழந்தைகூடச் செய்துவிடும்போல இருக்கும். செய்து, படுத்து, நாலு நாள் புரண்டால் ஐந்தாம் நாள் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். ஏன்?

நீங்கள் படுக்கும் எடை நேராகக் கீழே இறங்குகிறது. அதைக் கால்கள் தாங்கிவிடும். வில்லங்கம் பக்கவாட்டில்தான். ஒவ்வொரு முறை புரளும்போதும் அந்தச் செவ்வகச் சட்டகம் சாய்ந்துகொள்ளப் பார்க்கும். ஆணி இருக்கிற துளை இம்மி இம்மியாக அகலும். ஆசாரி என்றால் ஒரு சட்டத்தில் துளை குடைந்து, இன்னொன்றின் முனையைச் செதுக்கி உள்ளே இறுக்கி விடுவார். அது வருஷக்கணக்கில் பழகிய கை. நமக்கு வராது. நமக்கு ஆணிதான்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. சட்டகத்தின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஒரு பலகையை வைத்து அடியுங்கள். செவ்வகம் இரண்டு முக்கோணமாகிவிடும். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன ஜியோமிதி. மாரியின் மேஜைகளைப் பாருங்கள், அடியில் சாய்வுப் பலகைகள் தெரியும். அழகுக்கு வைத்ததல்ல. எடுத்துவிட்டால் மேஜை ஆடும்.

இப்படி இன்னும் உண்டு. ஓர் இணைப்பில் ஒரே ஓர் ஆணி அடித்தால் பலகை அதையே அச்சாக வைத்துச் சுழலும். இரண்டு அடிக்க வேண்டும். பலகை ஓரத்தில் அடிக்கும்போது பிளக்கிறதா? ஆணியின் முனையை லேசாகத் தட்டி மழுக்கிக்கொள்ள வேண்டும். கூரான முனை மர நாரை இரண்டாகப் பிளந்துகொண்டு இறங்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். இதையெல்லாம் நான் எழுதி நீங்கள் படித்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவீர்கள். ஒரு பலகை உங்கள் கையில் பிளந்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. மாரி எதிர்பார்த்ததும் அதைத்தான்.

கட்டிலைச் செய்தவனுக்குத்தான் கட்டிலைத் தெரியும் என்பது பழைய சங்கதி. கிரேக்கத்து ஹோமரின் 'ஒடிஸி'யில், இருபது வருஷம் கழித்து வீடு திரும்புகிற ஒடிஸியஸை மனைவி பெனிலபி நம்ப மறுக்கிறாள். சோதிப்பதற்காக, கட்டிலைத் தூக்கி வெளியே போடச் சொல்கிறாள். அவன் பதறிப் போகிறான். அதை எப்படித் தூக்க முடியும்? வேரோடு நின்ற ஆலிவ் மரத்தையே ஒரு காலாக வைத்து அவன் தன் கையால் செய்த கட்டில் ஆயிற்றே! அதைச் சொன்னதும்தான் அவளுக்கு நம்பிக்கை வருகிறது. அவன் யார் என்பதற்கு அவன் செய்த கட்டிலே அத்தாட்சி.

திரும்ப மிலானுக்கு வருவோம். கடிதம் எழுதிய ஆயிரக்கணக்கானோர் என்ன எழுதினார்கள்?

'பிரமாதம், எங்கள் மலை பங்களாவுக்குப் பொருத்தமாக இருக்கும்' என்கிற ரகம்தான் பலரும். கிராமத்துத் தோற்றம், பட்டிக்காட்டு அழகு, இழைக்காத மரத்தின் வாசனை! மாரி தலையில் அடித்துக்கொண்டார். பலகையை இழைக்காமல் விட்டது, இழைப்புளி பிடிக்கத் தெரியாதவனும் செய்ய வேண்டும் என்பதற்காக. அதையே ஒரு ஃபேஷனாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் விஷயம் புரிந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அவர் பக்கமும் கேள்வி கேட்க இடமுண்டு. எட்டு மணி நேரம் ஃபேக்டரியில் நின்றுவிட்டு வருகிறவன், ராத்திரி வீட்டில் வந்து ஆணி அடித்துக்கொண்டிருக்க முடியுமா? நியாயமான கேள்வி. வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் நீயே செய் என்று மாரியும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று செய்து பார் என்றார். செய்த பொருளைவிட, செய்யும்போது கிடைக்கிற புத்திதான் அவருக்கு முக்கியம். அதற்குப் பிறகு கடைக்குப் போனால் உன்னை ஏமாற்றுவது கஷ்டம்.

'ஐகியா காரன்கூடத்தான் நம்மையே பூட்டிக்கொள்ளச் சொல்கிறான்' என்பீர்கள். சுவீடனின் ஐகியா 1956-லேயே சாமானைத் தட்டையாகக் கட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அங்கே கணக்கு வேறு. லாரியில் இடம் மிச்சம், கிடங்கில் இடம் மிச்சம், பூட்டுகிற ஆளின் கூலி மிச்சம். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர் வாடிக்கையாளர். நம்பர் போட்ட துளையில் நம்பர் போட்ட ஸ்க்ரூ. கட்டில் ஏன் ஆடுகிறது என்ற பாடம் அதில் இல்லை.

2010-ல் மாரியின் சம்மதத்தோடே ஆர்டெக் என்ற ஃபின்லாந்து நிறுவனம் அந்த 19-ல் ஒரு நாற்காலியைப் பலகை, ஆணி சகிதம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வியாபாரிகள் தொடக் கூடாது என்ற சமாச்சாரம், வியாபாரியின் கைக்கே போனது.

அத்தோடு முடிந்திருந்தால் இதைச் சோகக் கதை என்று சொல்லிவிடலாம். முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டி, இத்தாலியின் லாம்பெதூஸா தீவில் கரையேறிய சில இளைஞர்கள் பெர்லின் நகரம் வரை வந்து சேர்ந்திருந்தார்கள். அகதிகள். சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லை. 2013, 14 வாக்கில் அவர்களோடு சேர்ந்து அங்கே ஒரு பட்டறை உருவானது. பெயர் குகுலா. ஹௌஸா மொழியில், சேர்ந்து செய்வது, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று அர்த்தமாம். அங்கே தொழில் பழக அவர்கள் எடுத்துக்கொண்டது மாரியின் வரைபடங்களை. செய்து விற்க மாரி அனுமதி கொடுத்தார். சில நாற்காலிகளில், லாம்பெதூஸாவில் ஒதுங்கிய அகதிப் படகுகளின் பலகைகளையும் சேர்த்து அடித்தார்கள். அந்தப் பலகையைப் பார்த்து மலை பங்களாவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

2020 அக்டோபர் 17 அன்று மிலானில் மாரியின் வாழ்நாள் பணிகளைக் காட்டும் பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது. இரண்டே நாளில், 19-ம் தேதி, அவர் கொரோனாவால் இறந்துபோனார். மறுநாள், அதே நோயில், அவருடைய மனைவியும் கலை விமர்சகருமான லேயா வெர்ஜினே.

தன் வரைபடங்கள், மாதிரிகள் அனைத்தையும் மாரி மிலான் நகரத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நிபந்தனையோடு. அந்தக் கண்காட்சி முடிந்த பிறகு நாற்பது வருஷத்துக்கு அவற்றை யாருக்கும் காட்டக் கூடாது. இன்றைக்கு இருப்பவர்களுக்குப் புரியாது, அதற்குள் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு தலைமுறை வந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. அந்த 19 வரைபடங்களும் புத்தகமாகவே வந்துவிட்டன. அடுத்த முறை கட்டில் வாங்கப் போகும்போது விரல் முட்டியால் தட்டாதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். மூலைக்கு என்ன முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். பரவாயில்லை, விலை பேச அதுதான் நல்ல நேரம்.