இரண்டு எண்ணில் ஒரு முகவரி

நினைவகத்தில் ஒரு பைட்டைப் பார்க்க வேண்டும் என்றால், அது இருக்கும் இடத்தை, பிழை தேட உதவும் நிரலான டீபக்கருக்கு எப்படி எழுதிக் காட்டுவது? இதை வெறும் குறியீட்டு வசதியாக எண்ணிக் கடந்துபோகிறோம். சிப்பை வடிவமைத்தவர்களின் நெருக்கடிகள் அந்த ஒரு வரியில் பதிந்து கிடக்கின்றன என்பதே என் துணிபு. 1961-இல் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 கணினிக்காக எழுதப்பட்ட டிடிடி என்னும் டீபக்கரில் ஓர் எண்ணைத் தட்டிச் சாய்கோடு போட்டால் போதும், அங்கே இருப்பது அச்சாகிவிடும். 1974-இல் வந்த 8080 சிப்பிலும் 16 பிட் எண் ஒன்றே 65,536 பைட்களையும் சுட்டியது. ஓர் இடம், ஓர் எண்.

1978-இல் இன்டெல் 8086 வந்தபோது இந்த எளிமை போயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பைட்களை எட்ட 20 பிட் தேவை. ரெஜிஸ்டர்களோ 16 பிட்தான். 8080-க்கு எழுதிய நிரல்களை எளிதாக மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டியிருந்தது. சிப்பை வடிவமைத்த ஸ்டீபன் மோர்ஸ் குழுவினர் கண்ட வழி, முகவரியை செக்மென்ட், ஆஃப்செட் என்று இரண்டு 16 பிட் எண்களாகப் பிரித்து, செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டுவது. 1980-இல் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸிலிருந்து எம்எஸ்-டாஸுக்கு வந்த டீபக் என்னும் டீபக்கர் இதை அப்படியே ஏற்றது. ஐபிஎம் பிசியில் டி எழுத்தைத் தட்டி 40:17 என்று கொடுத்தால், முதலில் வருவது விசைப்பலகையின் நிலையைக் காட்டும் பைட். கேப்ஸ் லாக் மட்டும் போட்டிருந்தால் அங்கே 40 தெரியும். எண்கள் ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடியாகக் கொண்ட முறையில், இருப்பதால், 16-ஆல் பெருக்குவது கடைசியில் ஒரு சுழியம் சேர்ப்பதுதான்: 400, அதோடு 17, ஆக 417.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதே பைட்டை 0:417 என்றும் 41:7 என்றும் எழுதலாம். 8086-இல் ஓர் இடத்துக்கு 4,096 பெயர்கள். பெருக்கிக் கூட்டும் வேலையை டீபக்கரே செய்து, 417 என்று ஒரே எண்ணாகக் காட்டியிருக்கக் கூடாதா? கூடாது என்றே சொல்வேன். ஓடும் நிரலின் கையில் அந்தக் கூட்டுத்தொகை கிடையாது. செக்மென்ட்டும் ஆஃப்செட்டும்தான் உண்டு. ஆஃப்செட் 65,535-ஐத் தாண்டினால் அடுத்த பைட்டுக்குப் போகாது, அதே செக்மென்ட்டின் தொடக்கத்துக்கே திரும்பி அங்கிருப்பதை அழித்துவிடும். அந்தக் காலத்து நிரலர்களை வாட்டியெடுத்த பிழை இது. ஒற்றை எண் இதை மறைத்துவிடும். முக்காற்புள்ளியின் வலப்பக்கம் சுழியத்துக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்த்தால்தான் பிழை பிடிபடும்.

நிரலர்கள் மாறிகளின் பெயரைச் சொல்லியே பார்க்கும்போது முகவரி எதற்கு என்பாரும் உண்டு. பெயர் சொல்லிக் கேட்கும் வசதி 1961-இன் டிடிடியிலேயே இருந்தது. ஆனாலும் முகவரி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது, எழுதும் முறைதான் மாறுகிறது. 1982-இல் வந்த 80286 சிப்பின் பாதுகாப்பு முறையில் இடப்பக்க எண் பெருக்கப்படுவதில்லை. அது ஓர் அட்டவணையின் வரிசையைச் சுட்டியது. இன்றைய லினக்ஸில் மீண்டும் ஓர் இடத்துக்கு ஓர் எண்தான். ஆனால் ஊடுருவலைத் தடுக்க, அந்த எண் நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் மாற்றப்படுகிறது. நேற்று குறித்துவைத்த முகவரி இன்றைக்கும் உதவ வேண்டும் என்பதற்காகவே, ஜிடிபி என்னும் டீபக்கர் தான் தொடங்கும் நிரலுக்கு அந்த மாற்றத்தை நிறுத்திவைக்கிறது.