செய்திக்கு ஒரு மாற்றுவழி

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தே அமைந்த சீனன்குடாவை அதன் எண்ணெய்த் தாங்கிகளாலும் விமானத் தளத்தாலும் நேயர்கள் அறிவீர்கள். செய்தித் தொடர்பின் வரலாற்றிலும் அவ்விடத்துக்கு ஒரு துயரப் பக்கம் உண்டு.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் சீனன்குடாவின்மீது குண்டு பொழிந்தன. எச்சரிக்கை கிடைத்திருந்தமையால் கப்பல்கள் பல முன்னைய இரவே கடலுக்குச் சென்றுவிட்டன. அவற்றுள் ஒன்றான ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் பகைவர் கண்டுகொண்டனர். அதில் அன்று விமானம் ஒன்றேனும் இல்லை. கரையிலோ தளமும் செய்தித் தொடர்பும் குலைந்து கிடந்தன. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட விமானங்கள் வந்து சேருமுன் கப்பல் மூழ்கிற்று. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். தளம், எண்ணெய், துறை, தொடர்பு ஆகிய யாவும் ஒரே குடாவிற் குவிந்திருந்ததே பெருங்குறை என்பது என் கருத்து.

கடிதப் போக்குவரத்திலே இதனினும் நல்ல ஏற்பாடு இருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவுஸ்திரேலியாவுக்கான வான்வழி அறுந்துபோகவே, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 1945 யூலை வரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்குமிடையே கற்றலீனாக் கடல் விமானங்கள் 271 முறை பறந்தன. ஒவ்வொரு பயணமும் 27 மணிக்குக் குறையாதது. ஏற்றக்கூடிய அஞ்சலோ 69 கிலோகிராம் மாத்திரமே. ஆகவே படையினர் கடிதங்கள் நுண்படமாக்கப்பட்டன. 1941இற் கைரோவிலிருந்து தொடங்கிய 'எயர்கிராப்' முறையும் இத்தகையதே. ஏறத்தாழ 1,700 மடல்கள் ஒரே படச்சுருளில் அடங்கின. சுருள் சென்றடைந்தது என்ற செய்தி வரும்வரை மூலத்தாள்களை அழிப்பதில்லை; விமானம் வீழ்ந்தால் மீண்டும் படம்பிடித்து அனுப்பலாமன்றோ!

இன்றைய மின்னஞ்சலும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகிறது. அனுப்பும் வழங்கிக் கணினி, மறுபுறத்து வழங்கி ஏற்றுக்கொள்ளும்வரை மடலைத் தன்னிடமே வைத்திருந்து நாலைந்து நாளேனும் முயன்றுகொண்டிருத்தல் வேண்டுமென்பது விதி. பெறுவோரும் முதல் வழங்கி, இரண்டாம் வழங்கி என எண்ணிட்டு அறிவிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மின்னிணைப்பில் இருந்தால் அது மறுபடியும் சீனன்குடாவே. முதலாவது எத்தனை நாள் முடங்கக்கூடும், நாளொன்றுக்கு எவ்வளவு அஞ்சல் வரும் என்பவற்றைக் கணித்தே இரண்டாவதற்கு இடம் ஒதுக்குதல் வேண்டும். அதற்குக் காவலும் குறையலாகாது. குப்பை மடல் அனுப்புவோர் பின்வாசலையே முதலில் தட்டுவர்.

ஆவணக்காப்பு என்பது வேறொரு தேவை. சென்றடைதலுக்குச் சில நாட் சேமிப்புப் போதும். பின்னாளில் தேடிக் காண்பதற்கு ஆண்டுக்கணக்கான சேமிப்பு வேண்டும். மடல் உள்ளே வரும்போதே அதன் படியொன்றைத் தனியிடத்துக்கு அனுப்பினாலன்றி, பெற்றவர் அழித்ததும் அது மறைந்துவிடும். எயர்கிராப்பை நடத்தியோர் முதற்றேவையை மட்டுமே எண்ணினர். சுருள் சேர்ந்ததும் மூலத்தாள்கள் அழிக்கப்பட்டன. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை, படையினரின் தாய்மாரும் மனைவியரும் பெட்டியிற் போற்றிவைத்த உள்ளங்கையளவு நிழற்படிகளே.